ஏச்சு உடனே வருகிறது, பாராட்டு ஏன் வருவதில்லை? – கேள்வி பதில்

தேயிலைத் தோட்டத்து வெளிக்களத்தில் நெடுங்காலம் பணியாற்றி, இப்போது மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். இலங்கையின் மலையகத்தில் ஆட்களை வேலை வாங்கும் பொறுப்பில் இருப்போரும் தொழிலாளர் குடும்பத்தினரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

தலவாக்கலை, வெளிக்கள உத்தியோகத்தர்: ஐயா, கொழுந்தில் முற்றல் (முற்றிய இலை) கலக்கிறது என்று தொழிற்சாலையில் தினமும் குறை சொல்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடமான நிறுவையில் நானும் எல்லோரையும் ஏசிப் பார்த்துவிட்டேன். மாற்றமே இல்லை.

தம்பி, எல்லோரையும் சேர்த்து ஏசினால் நன்றாக எடுத்தவருக்கு மனம் வெறுத்துப்போகிறது. கவனமின்றி எடுத்தவரோ அது அடுத்தவருக்கான ஏச்சு என்று இருந்துவிடுகிறார். தொழிற்சாலையில் மாதிரி எடுத்து, நல்ல கொழுந்து எத்தனை வீதம், முற்றல் எத்தனை வீதம் என்று பிரிக்கிறார்கள் அல்லவா? அந்தக் கணக்கு கோப்புக்குப் போகிறது, பறித்தவருக்கு வருவதில்லை. அதை நிறுவைக்குக் கொண்டுவாருங்கள். அவருடைய கொழுந்திலேயே ஒரு கைப்பிடி அள்ளி, சாக்கை விரித்துப் பரப்பி, அவரோடு சேர்ந்து பிரியுங்கள். இளந்தண்டு வளைத்தால் பட்டென்று ஒடியும், முற்றியது நாராக வளையும். நல்லது கூடியிருந்தால் அதையும் அங்கேயே, அவர் பெயரைச் சொல்லி, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏழெட்டு நாளில் மறுபடி கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை மலைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து ஆள் அனுப்பினால் கொழுந்து முற்றத்தான் செய்யும். அந்தப் பிழை உங்களுடையது. அதற்குக் கொழுந்தெடுத்த அம்மாவை ஏசுவது அநியாயம்.

மஸ்கெலியா, தொழிலாளியின் மகன்: பாராட்டினால் வயிறு நிறையுமா?

நிறையாது. நாட்சம்பளம் 1000 ரூபாவாக 2021இல் அரச வர்த்தமானியில் வருவதற்கு நம் மக்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள்! அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹேர்ஸ்பேர்க் 1959இல் எழுதியதும் இதையொட்டியதுதான்: சம்பளமும் வேலை நிலைமையும் குறைந்தால் கசப்பு வளரும், அங்கீகாரம் கிடைத்தால் வேலையில் ஈடுபாடு வளரும். ஒன்றைக் கொடுத்து மற்றதைச் சரிக்கட்ட முடியாது. ஈரம், சாக்கு என்று நிறுவையில் நியாயமில்லாமல் கிலோ வெட்டிவிட்டு ஆண்டு முடிவில் சான்றிதழ் கொடுத்தால், அதை எந்த முகத்தோடு வாங்குவார்கள்?

நுவரெலியா, ஹோட்டல் மேற்பார்வையாளர்: மாதத்தின் சிறந்த ஊழியர் என்று படம் மாட்டுகிறோம். திரும்பத் திரும்ப அதே முகங்கள். தொடரலாமா?

நிறுத்திவிடுங்கள். வரவேற்பில் நிற்பவர் எல்லோர் கண்ணிலும் படுகிறார், சலவை அறையில் நிற்பவர் படுவதில்லை. ஏப்ரலில் அறைகள் நிரம்பி வழியும்போது, அந்தக் குளிரிலும் படுக்கைவிரிப்புகளைக் காயவைத்து நேரத்துக்குத் தந்தவரிடம் அன்றைக்கே போய், அதனால் எத்தனை அறைகளைத் தாமதமின்றிக் கொடுக்க முடிந்தது என்று சொல்லுங்கள்.

ஹட்டன், ஆடைத் தொழிற்சாலை சுப்பர்வைசர்: பிழையைச் சொன்னால் சில பிள்ளைகள் இன்னும் மோசமாகத் தைக்கிறார்கள். சொல்லாமல் விடவா, அண்ணா?

விடாதீர்கள் தங்கச்சி, சொல்லும் விதத்தை மாற்றுங்கள். குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவர் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் பொதுவாக வேலை மேம்பட்டது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் முன்பிருந்ததைவிடக் கெட்டது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்களுடைய விளக்கம். “நீ எப்போதும் இப்படித்தான்” என்றால் அந்தப் பிள்ளை நாள் முழுக்கத் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும். “காலர் ஓரத்தில் தையல் விலகியிருக்கிறது, துணியை இப்படிப் பிடி” என்றால் கை அதைத் திருத்தும். பிழையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பண்டாரவளை, கடை உரிமையாளர்: என்னிடம் வேலை செய்வது நான்கு பேர். எத்தனை நாளுக்கு ஒருமுறை பேச வேண்டும்?

கிழமைக்கு ஒருமுறையாவது, ஒவ்வொருவரிடமும் தனியாக. ஐந்து நிமிடம் போதும். செய்ததில் நன்றாக இருந்த ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு, வேலைக்கு எது இடைஞ்சலாக இருக்கிறது என்று கேளுங்கள். தராசு பழுது என்று ஒருவர் சொன்னால், அடுத்த கிழமை பேசுவதற்குள் அதைத் திருத்திவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் தடவை வாய் திறக்க மாட்டார்.