கணையக் கட்டியை இளக்க பி.பி. மாத்திரை போதுமா?

கேள்வி: அம்மாவுக்குக் கணையப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. கட்டி இறுகிக் கிடப்பதால் நோயெதிர்ப்பு செல்கள் உள்ளே போக முடியாது, லோசார்ட்டான் என்ற பி.பி. மாத்திரை அதை இளக்கும் என்று படித்தேன். அம்மா சாப்பிடும் அம்லோடிபினுக்குப் பதில் அதைக் கொடுக்கலாமா? வயிற்றில் எண்ணெய் தேய்த்து நீவலாமா?

பதில்: இரண்டையும் நீங்களாகச் செய்யாதீர்கள். ஆனால் நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது.

கணையக் கட்டியில் பெரும்பாலும் புற்றுச் செல்களைவிட நார்த்திசுதான் அதிகம். அதன் இறுக்கத்தில் ரத்தக்குழாய்கள் நசுங்குவதால் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் வரும் வழியே குறுகிவிடுகிறது. வந்தவையும் கொலாஜன் என்ற நார்ப்புரத இழைகளுக்கிடையே நுழைய வேண்டும். செல்லின் உடல் வளைந்து கொடுக்கும், உட்கரு அவ்வளவாக வளையாது. இடுக்கின் பரப்பு உட்கருவின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் செல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

உள்ளே போன டி செல், இலக்கைப் பிடித்து இழுத்துப் பார்க்கும். சுமார் 10 பிக்கோநியூட்டன் (மிக மிக நுண்ணிய விசை) இழுவையில் சரியான இலக்கின் மீதான பிடி கூடுதல் நேரம் நிற்கும். தவறானது சீக்கிரம் நழுவும். கொல்லும்போதும் இப்படி இழுத்துச் சவ்வை விறைப்பாக்கினால்தான் டி செல் விடும் பெர்ஃபோரின் என்ற புரதம் எளிதில் துளை போடும். கொழகொழவென்ற புற்றுச் செல் தப்பிவிடும். ஆகவே இளக வேண்டியது சுற்றியுள்ள நார்தான். புற்றுச் செல்லே இளகினால் நமக்குத்தான் நஷ்டம்.

லோசார்ட்டான் நாரைக் குறைக்கலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 49 பேருக்கு அதைக் கீமோவோடும் கதிர்வீச்சோடும் கொடுத்து, 2019இல் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, இம்யூனோதெரபியும் (நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) இல்லை. அதே ஆண்டில், கட்டியின் இறுக்கத்தைக் கூட்டும் ஹையலுரோனிக் அமிலம் என்ற பொருளைக் கரைக்கும் நொதி பெரிய சோதனையில் ஆயுளை நீட்டத் தவறியது.

கீமோவில் வாந்தி, பேதியால் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது லோசார்ட்டான் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம், பொட்டாசியம் ஏறலாம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை சேர்ந்தால் ஆபத்து கூடும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். மருத்துவரே மாற்றினால், முன்பும் ஓரிரு வாரம் கழித்தும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் இருப்பதால் நீவுவது கொலாஜனை ஒன்றும் செய்யாது, வலிதான் மிஞ்சும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அதையும் நீவாமல் உடனே காட்டுங்கள். இந்த நோயில் ரத்தக்கட்டு சகஜம்.

இம்யூனோதெரபி பற்றித்தான் யோசனை என்றால், திசு மாதிரியில் எம்எஸ்ஐ சோதனை (புற்றுச் செல்லில் டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் திறன் கெட்டிருக்கிறதா என்று காட்டுவது) செய்தார்களா என்று முதலில் கேளுங்கள். கணையப் புற்றில் சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான் அது 'ஹை' என்று வரும்; வந்தால் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து பற்றி மருத்துவரிடம் பேசலாம்.