பட்டாளத்தில் இருந்துகொண்டே படிக்கலாமா? ஓய்வுபெற்ற சுபேதாரின் பதில்கள்

24 வருடம் காலாட்படையில் இருந்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். வெலிங்டன் டீக்கடையில் வழக்கமாக என்னிடம் கேட்பதைத்தான் இந்த முறை எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

பத்தாவது முடித்து அக்னிவீரராகச் சேர்ந்து, எம்.ஆர்.சி.யில் (வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம்) ட்ரெயினிங்கில் இருக்கிறேன் சார். இந்த நாலு வருட சர்வீஸ் முடிவதற்குள் டிகிரி வாங்கிவிடலாமா? (கோத்தகிரி)

முடியாது தம்பி. முதலில் பன்னிரண்டாவது வேண்டும். அதைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் முடிக்க உங்களுக்கு வழி செய்திருக்கிறார்கள். அதற்கப்புறம் டிகிரிக்குக் குறைந்தது மூன்று வருடம். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அக்னிவீரர்களுக்கென்றே வந்த பட்டப்படிப்பில், சர்வீஸில் கற்ற தொழில்திறனுக்கே பாதி கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய புள்ளிகள்) கிடைக்கும். மீதியை ஊருக்கு வந்தும் முடிக்கலாம். ட்ரெயினிங் முடியும்வரை புத்தகத்தைத் தொடாதே. ராத்திரி தூக்கம்தான் அங்கே உனக்குப் படிப்பு.

இக்னோவில் பி.ஏ. சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரு பேப்பர்கூட எழுதவில்லை. இப்போது எல்லையில் போஸ்டிங். விட்டுவிடலாமா? (லான்ஸ் நாயக், ஊட்டி)

விடாதே. ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஃபாரம் நிரப்பும்போது தேர்வு மையத்தை நீயே தேர்ந்தெடுக்கலாம். எனவே லீவு எப்போது கிடைக்கும் என்று கம்பெனி கிளார்க்கிடம் கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற பேப்பரை மட்டும் எடு. ஒரு தடவைக்கு இரண்டு போதும்.

நான் இதைத் தப்பாகச் செய்தவன். முதல் வருடமே எல்லாப் பேப்பருக்கும் பணம் கட்டினேன். அந்தக் குளிர்காலம் பங்கர் கூரை ஒழுகி அசைன்மென்ட் தாளெல்லாம் நனைந்துவிட்டது. புகாரி என்ற குளிர்காயும் அடுப்பின் குழாயைச் சுற்றிக் கம்பி கட்டி, தாள் தாளாகத் தொங்கவிட்டுக் காயவைத்தோம். மண்ணெண்ணெய்ப் புகையில் ஓரமெல்லாம் கறுத்துப்போயிற்று. அப்படியே தபாலில் அனுப்பினேன். படிப்பு மையத்தில் தொலைத்துவிட்டார்கள். என்னிடம் நகலும் இல்லை, ரசீதும் இல்லை. அசைன்மென்ட்டுக்கான 30 மதிப்பெண் போச்சு! உன்னிடம் போன் இருக்கிறதே, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்.

பரீட்சையைத் தமிழில் எழுத முடியுமா சார்?

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முடியும். பரீட்சைக்கு மட்டும் ஊருக்கு வந்தாக வேண்டும். அந்த வாரத்தில் லீவு கிடைக்குமா என்பதைப் பொறுத்து முடிவு செய்.

வயது 23, பிளஸ் டூ முடித்த சிப்பாய். ஆபீசர் ஆக முதலில் டிகிரி முடிக்கணுமா?

வேண்டாம். ஆர்மி கேடட் காலேஜ் என்ற வழி இருக்கிறது: 20 முதல் 27 வயது, இரண்டு வருட சர்வீஸ், பன்னிரண்டாவது. டேராடூனில் மூன்று வருடம் படிக்கும்போதே டிகிரியும் கிடைத்துவிடும். எழுத்துத் தேர்வைவிட, ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகத் தேர்வில்தான் நம் பையன்கள் தடுமாறுகிறார்கள். விஷயம் தெரியும், ஆங்கிலத்தில் வாய் வராது. இன்றிலிருந்தே யாரிடமாவது பேசிப் பழகு. தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை.

என் கணவர் ஹவில்தார், 14 வருடம் ஆகிறது. 15 முடிந்தால் டிகிரிக்குச் சமம் என்கிறார். இனிமேல் படிக்க வேண்டாமா ஐயா? (அருவங்காடு)

அவர் சொல்வதில் பாதிதான் சரி, அம்மா. பத்தாவது முடித்து 15 வருட சர்வீஸ் போட்டவர், பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதோடு சரி, அது பட்டம் ஆகிவிடாது. எம்.ஏ. சேரப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவருக்கு எந்த வேலையில் கண் என்று முதலில் கேளுங்கள். குரூப் சி வேலை போதும் என்றால் போட்டித் தேர்வுக்கான கணக்குப் பாடத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மேலே போக ஆசை இருந்தால் இந்த ஜூலையிலேயே இக்னோவில் சேரட்டும்.