பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கும் முன்: கேள்வி பதில்

நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் விசையை அனுப்பக்கூடிய (ஃபோர் வீல் டிரைவ்) பிக்கப்பான இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்தது. அன்று தோட்டக்காரர்களும் மலைப்பயணிகளும் ஆசையாக எடுத்த வண்டிகள் இப்போது இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் மாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, இத்தகைய வண்டிகளின் அடியில் பல ஆண்டுகள் படுத்து எழுந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பொள்ளாச்சி): 2018 மாடல் வி-கிராஸ், 2.5 லிட்டர் என்ஜின், தோட்டத்தில் ஓடிய வண்டி. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெயின்டையும் சீட்டையும் பார்க்காதீர்கள். அவை விற்பவர் உங்களுக்குக் காட்ட விரும்புபவை. வண்டியை லிஃப்டில் ஏற்றியோ குழியின் மேல் நிறுத்தியோ அடியைப் பார்க்கும் வரை அட்வான்ஸ் என்று நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இது ஏணிச் சட்டம் போன்ற சேசிஸின் மேல் கேபினும் லோடு பாடியும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் வண்டி என்பதால், கேபினின் பின்சுவருக்கும் லோடு பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை முதலில் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். அந்த இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும், அல்லது அதற்கு நேர்மாறாகவும் இருந்தால், அதிகப் பாரத்தாலோ விபத்தாலோ சேசிஸ் வளைந்திருக்கலாம் என்ற சந்தேகம் உடனே வரவேண்டும். பிறகு அடியில் சென்று இரு பக்கச் சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை கையால் தடவிப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக இருக்கும். பட்டறை வெல்டிங் தடித்தும் மெலிந்தும் இருக்கும். எட்டு வயது வண்டியின் அடிப்பகுதி மட்டும் நேற்று அடித்தது போலக் கறுப்பாகப் பளபளத்தால், அந்தக் கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய இரும்பின் ஒலி மங்கிக் கேட்கும்.

என்ஜின் அடியிலுள்ள ஸ்கிட் பிளேட்டில் கீறல் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது அடி வாங்குவதற்காகவே இருக்கிறது. அடி அதையும் தாண்டி, என்ஜின் விசையை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வரை போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. முன் ஆக்ஸில்களின் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் ஏதேனும் பட்டை உடைந்திருக்கிறதா, வண்டி சமதரையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, இடது வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் முன்பின் டிஃபரன்ஷியல்களின் ஆயில் மூடியைக் கழற்றி விரலை விட்டு எடுங்கள். ஆயில் பால் விட்ட காபியின் நிறத்தில் இருந்தால் வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கியிருக்கிறது, அதன்பின் யாரும் ஆயில் மாற்றவில்லை என்று பொருள்.

இன்னொன்று: மழை நாளிலும், வாட்டர் வாஷ் முடிந்த கையோடும் வண்டி பார்க்கப் போகாதீர்கள். நானே ஒருமுறை தூறலில் அவசரமாகப் பார்த்து வாங்கிய வண்டியில் ஆயில் கசிவு இருந்தது வீட்டுத் தரையில் விழுந்த கறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கேள்வி (ஈரோடு): எத்தனை கிலோமீட்டர் வரை ஓடிய வண்டியை வாங்கலாம்?

மீட்டரைத் திருத்த முடியும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சர்வீஸ் பதிவுகளில் தேதியும் கிலோமீட்டரும் சீராக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): மீன் லோடு ஓட்டிய வண்டி மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. என்ஜின் அருமையாக இருக்கிறது.

என்ஜின் அருமையாகவே இருக்கட்டும். ஐஸ் உருகிய உப்புநீர் லோடு பாடியின் போல்ட் துளைகள் வழியே நாள்தோறும் சேசிஸின் மேல் சொட்டியிருக்கும். மேலேயுள்ள பிளாஸ்டிக் லைனரைக் கழற்றாமல் அதைக் காண முடியாது. கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை): "ஃபோர் வீல் டிரைவை ஒருமுறைகூடப் போட்டதில்லை, சாலையில் மட்டுமே ஓட்டினேன்" என்கிறார் விற்பவர். இதைவிட நல்ல வண்டி கிடைக்குமா?

இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். முன் ஆக்ஸிலை இணைக்கும் பொறியமைப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே நகரும் பாகங்களும் அவ்வப்போது அசைந்து, ஆயில் பட்டு இருந்தால்தான் வேலை செய்யும். மாதம் ஒருமுறையாவது 16 கிலோமீட்டர் ஃபோர் வீல் டிரைவில் ஓட்டுமாறு டொயோட்டா தன் வண்டிகளின் கையேட்டில் சொல்வது இதனால்தான். எட்டு ஆண்டுகள் தொடாத ஃபோர் வீல் டிரைவ் குமிழை நீங்கள் முதன்முதலாகத் திருப்பும்போது அதற்கான விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

அதே வாசகர் மீண்டும்: அப்படியானால் ஆற்றிலும் பாறையிலும் அடித்து ஓட்டிய வண்டிதான் மேல் என்கிறீர்களா? இது விந்தையாக இருக்கிறது.

அப்படிச் சொல்லவில்லை. தோட்டத்துச் சேற்றில் மாதம் நான்கு முறை அளவோடு பயன்படுத்தி, உரிய காலத்தில் ஆயில் மாற்றிய வண்டி மேல் என்கிறேன். வாரந்தோறும் போட்டிக்குப் போன வண்டியை நான் பக்கத்திலும் சேர்ப்பதில்லை.

மூன்றாம் முறையாக அதே வாசகர்: என் நண்பர் தார்ச்சாலையிலேயே ஃபோர் வீல் டிரைவைப் போட்டுச் சோதித்தார். திருப்பத்தில் வண்டி இறுகி முரண்டியது. கோளாறுள்ள வண்டி என்று விட்டுவிட்டார்.

உங்கள் நண்பர் ஒரு நல்ல வண்டியை இழந்திருக்கலாம். வி-கிராஸில் இருப்பது பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே வேக வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் போக வேண்டும். மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துவிடும், காய்ந்த தாரில் வழுக்க முடியாததால் ஷாஃப்டுகள் முறுக்கேறி வண்டி முரண்டும். அது கோளாறு அல்ல, இயல்பு. ஆனால் அப்படியே தொடர்ந்து ஓட்டினால் கோளாறு வந்து சேரும்.

ஆகவே சோதனையை மண் தரையில் செய்யுங்கள். நேராக மெதுவாக ஓடும்போது 4 ஹையில் (வழக்கமான வேகத்துக்கான ஃபோர் வீல் டிரைவ்) போட்டு, விளக்கு நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4 லோவுக்கு (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) மாற்றி, ஒரு மேட்டில் ஏற்றுங்கள். கிளட்சை விட்டதும் 'டங்' என்ற அடி கேட்டால், ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்டுகள் தேய்ந்திருக்கலாம். நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இருப்பது இவ்வகை வண்டிக்கு மிக முக்கியம்.

இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (சேலம்): 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாங்கலாமா?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதே.

கேள்வி (சென்னை): வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இது அவசியமான கேள்வி. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள்; கடைசி முழத்தில் சேற்றுக் கறைக் கோடு இருக்கும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. தரைவிரிப்பைத் தூக்கி வயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி) பூச்சியம் என்றிருந்தால், எதற்குக் கிளெய்ம் வாங்கினார் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி (மதுரை): டெல்லிப் பதிவு வண்டி, இங்கே உள்ளதைவிடப் பல லட்சம் குறைவு.

பத்து ஆண்டுகள் கடந்த டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டதிலிருந்தே அங்குள்ள பழைய டீசல் வண்டிகள் விலை சரிந்து தெற்கே வருகின்றன. தடையில்லாச் சான்று, கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம், இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு ஆகியவற்றைக் கூட்டிய பிறகு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். அந்த மிச்சத்துக்காக, அடியைப் பார்க்காத வண்டிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

கேள்வி (திருச்சி): வங்கிக் கடனுக்கு வட்டி எங்கே குறைவு?

வங்கியில் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): முன்னால் இரும்பு புல் பார், பெரிய டயர், லிஃப்ட் கிட் எல்லாம் போட்டிருக்கிறார். கூடுதல் விலை கேட்கிறார்.

கூடுதல் விலையா? குறைத்துக் கேளுங்கள். புல் பார்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது; தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்தது. வண்டியை உயர்த்தினால் முன் ஆக்ஸிலின் கோணம் கூடி, பூட்டும் ஜாயின்டும் விரைவில் தேய்கின்றன. கழற்றிய பழைய பாகங்கள் அவரிடம் பத்திரமாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

கேள்வி (தருமபுரி): 90,000 கிலோமீட்டர்தான், நம்பலாமா?

காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் கேட்கக் கூடாத ஒரு சத்தத்தை மறைக்க முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கலாம். வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைக் கவனியுங்கள். நீலம் என்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. பிறகு லிஃப்டில் ஏற்றுங்கள். கிலோமீட்டரைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.