மகளைக் கேன்சர் டாக்டராக்க நினைக்கும் ஆற்காட்டுத் தம்பிக்கு

தம்பி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள். ஜூலையில் எச்-1பி வேலை விசாவில் ஹூஸ்டன் வருகிறீர்கள், மனைவியும் பத்தாவது முடித்த மகளும் கூட வருகிறார்கள், எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, கார் புதுசு வாங்கலாமா பழசு போதுமா, மிக்ஸி கொண்டு வரலாமா என்று ஆரம்பித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தீர்கள். பாட்டி வாய்ப் புற்றுநோயில் போனதிலிருந்து பெண் கேன்சர் டாக்டராகி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள், ஹைஸ்கூலிலேயே அவளுக்கு எப்படி வழிகாட்டுவது என்று. மிக்ஸி வேண்டாம், இங்கே கரண்ட் 120 வோல்ட். வீட்டுக்கும் காருக்கும் உங்கள் ஆபீஸில் கேட்காமலே யோசனை சொல்ல ஆள் இருக்கும். நான் அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் குடியாத்தத்துக்காரி. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பேதாலஜி லேபில் வேலை. ஆபரேஷனில் எடுத்த சதை ஃபார்மலினில் ஊறி எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் நாலைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்போம். ஒரு தலைமுடியின் தடிமனைவிட அந்தச் சீவல் பத்து மடங்குக்கு மேல் மெல்லியது. அதைப் பார்த்துத்தான் கேன்சரா இல்லையா என்று எழுதுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டராகவும் விஞ்ஞானியாகவும் ஆன நம்ம பிள்ளைகளையும், பாதி வழியில் விசாவால் தடுக்கி விழுந்த பிள்ளைகளையும் பல வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் வரப்போவது, எச்-1பி-காரர் குடும்பத்துக்குத் தருகிற எச்-4 விசாவில். அவளுக்கு 21 வயது ஆனதும் அது முடிந்துவிடும். அதற்குள் உங்களுக்குக் கிரீன் கார்டு கிடைத்தால் கவலை இல்லை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்து வருடத்தைத் தாண்டி நிற்கிறது. அவளுக்கு இப்போது 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் போல ப்ளஸ் டூ முடித்ததும் நேராக மெடிக்கல் காலேஜ் போக முடியாது இங்கே. நாலு வருடம் டிகிரி, எம்கேட் என்கிற மெடிக்கல் நுழைவுத் தேர்வு, நாலு வருடம் மெடிக்கல், மூன்று வருடம் பொது மருத்துவம், அதற்கு மேல் மூன்று வருடம் கேன்சர். மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிற வயசும் விசா முடிகிற வயசும் ஒன்றாக வந்து மோதும். மாணவர் விசாவுக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் கிரீன் கார்டு இல்லாத பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் பல மெடிக்கல் காலேஜ்கள் பிரித்தே பார்ப்பதில்லை. எடுக்கும் ஒரு சிலவற்றிலும், அடுத்த வருடங்களின் பீஸை முன்கூட்டியே கட்டி வைக்கச் சொல்கிற இடங்கள் உண்டு. அரசாங்கக் கல்விக் கடனும் இவர்களுக்குக் கிடையாது.

இதை உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். பொங்கல் விழாவில் மைக் பிடித்து, "பிள்ளைக்கு எது பிடிக்குதோ அதைப் படிக்க விடுங்க, அமெரிக்காவில் வானம்தான் எல்லை" என்று பேசுகிற பெரியவர்கள் எனக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் இங்கேயே பிறந்த குடிமக்கள். அடுத்தவன் பிள்ளையின் விசாவைக் கேட்டுவிட்டுப் பேசலாமே என்று தோன்றும், சொன்னால் பொறாமை என்பார்கள்.

சரி, அதற்காகப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவள் கேட்பது கேன்சர் ஆராய்ச்சி. அதற்கு டாக்டராகத்தான் வேண்டும் என்பது நீட் போட்டியில் ஊறிப்போன நம்ம தலையில் உட்கார்ந்திருக்கும் எண்ணம். இங்கே கேன்சர் ஆராய்ச்சிக் கூடங்களில் ஏராளமாக உட்கார்ந்திருப்பது பி.எச்டி. படித்தவர்களும் படிப்பவர்களும். பி.எச்டி.க்கு மாணவர் விசாவில் வருகிறவர்களைத் தாராளமாக எடுக்கிறார்கள். உயிரியல் பக்கம் என்றால் பெரும்பாலும் பீஸும் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். ஐந்தாறு வருடம் ஆகும், பணக்காரர் ஆக முடியாது, அது வேறு கதை. கதிர்வீச்சு எவ்வளவு, எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போடும் இயற்பியல்காரர்கள் இருக்கிறார்கள். மருந்துச் சோதனை முடிவு உண்மையா தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல்காரர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் நர்ஸ்கள் இருக்கிறார்கள். இந்த நர்ஸ்கள் இல்லாவிட்டால் டாக்டர் ஒரு நாள் தள்ள மாட்டார், நான் கண்ணால் பார்ப்பது. டாக்டர்தான் ஆவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றால், இந்தியாவிலேயே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இங்கே தேர்வு எழுதி வருகிற வழியையும் வீட்டில் பேசி வையுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

அடுத்த எச்சரிக்கை, கோடை விடுமுறை. நீங்கள் வந்து இறங்கி சாமான் பிரிப்பதற்குள் யாராவது சொல்வார்கள்: "பொண்ணுக்கு ரிசர்ச் அனுபவம் வேணும், இந்த புரோகிராம்ல சேர்த்துடுங்க, பேப்பர் பப்ளிஷ் ஆகும்." ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் நாலு சந்திப்பு நடத்தி, யாரோ எழுதிய கட்டுரையில் பதினாறு வயதுப் பிள்ளையின் பெயரைப் போட்டுக் கொடுக்கிற கடைகள் பெருகிவிட்டன. காலேஜ்காரர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை, அவர்களுக்குத் தெரியும். உண்மையான கோடைக்காலப் பயிற்சிகள் பெரும்பாலும் காசு வாங்காது, சில இடங்களில் அவர்களே கொஞ்சம் கொடுப்பார்கள். ஆனால் அரசுப் பணத்தில் நடப்பவற்றில் பல, குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும். விண்ணப்பத்தில் முதல் வரியாக அதைப் படித்துவிடுங்கள், பெண் மூன்று வாரம் கட்டுரை எழுதிய பிறகு இல்லை. இன்னொன்று, எச்-4-இல் இருக்கும் பிள்ளை சம்பளம் வாங்கக் கூடாது. நல்ல மனசோடு யாராவது "ஐம்பது டாலர் வச்சுக்கோ" என்றாலும் கூடாது.

அப்புறம் என்னதான் செய்வது? ஆஸ்பத்திரிகளில் 16 வயதிலிருந்து வாலண்டியராக எடுக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. வீல்சேர் தள்ளுவது, புத்தக வண்டியைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோவது, ரிசப்ஷனில் வழி சொல்வது. நம்ம அம்மாக்கள் சிலர், "என் பொண்ணு வீல்சேர் தள்ளவா வந்தா?" என்று முகம் சுளிப்பார்கள். தள்ளட்டும். கீமோ ஏற்றிக்கொண்டு ஆறு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் பேசத் தெரியவில்லை என்றால், தொண்ணூற்றொன்பது மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லேபுக்குள் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சும்மா விட மாட்டார்கள், ஃபார்மலின், சைலீன் எல்லாம் விளையாட்டுச் சாமான் இல்லை. ஆனால் பள்ளிகள் கேட்டால் சுற்றிக் காட்டுவோம்.

அப்படி வருகிற பிள்ளைகளிடம் நான் பெரிய பேச்சு எதுவும் பேசுவதில்லை. மைக்ராஸ்கோப்பில் இரண்டு ஸ்லைடு வைப்பேன். ஒன்றில் நல்ல குடல், வரிசை வரிசையாக, பூக்கோலம் போட்டது போல இருக்கும். இன்னொன்றில் அந்த வரிசை குலைந்து, ஊதா நிற அணுக்கருக்கள் பெரிதும் சிறிதுமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எது கேன்சர் என்று நான் சொல்லவே வேண்டாம், பத்தாவது படிக்கிற பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். அப்புறம் ஃப்ரோசன் செக்ஷன் பற்றிச் சொல்வேன். நோயாளி மேசையில் மயக்கத்தில் கிடக்கும்போதே துண்டு எங்களிடம் ஓடி வரும், உறைய வைத்துச் சீவி, இருபது நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், அதைக் கேட்டுத்தான் சர்ஜன் இன்னும் வெட்டுவதா, மூடுவதா என்று முடிவு செய்வார். அதைக் கேட்டதும் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்வார்கள். ஒரு பையன், "அப்போ நீங்க தப்பா சீவிட்டா?" என்று கேட்டான். இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி அதுதான்.

இதையெல்லாம் காட்ட வேண்டியிருப்பது இங்கேதான். நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு யாரும் காட்ட வேண்டாம். வேலூரில் காந்தி ரோடு, பாபு ராவ் தெருவில் நடந்தாலே போதும். லாட்ஜ் வாசல் எல்லாம் வங்காள எழுத்து, மூக்கில் குழாயோடு டீ குடிக்கிற கொல்கத்தாக்காரர், மொட்டைத் தலைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் அஸ்ஸாம் அப்பா. காட்பாடியில் இறங்கி, ஸ்கேன் கவரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். நாங்கள் நகர்ந்து இடம் கொடுப்போம். 1900-இல் அமெரிக்காவில் டாக்டர் படித்துவிட்டு ஐடா ஸ்கடர் வேலூருக்கு வந்து தொடங்கிய ஒற்றைக் கட்டில் வைத்தியம், சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்து, இன்று அத்தனை பேரையும் அங்கே இழுத்து வருகிறது. அவர் அங்கிருந்து இங்கே வந்தார், நாம் இங்கிருந்து அங்கே போகிறோம். பாருங்கள், எழுதும்போதே எது இங்கே எது அங்கே என்று எனக்குக் குழம்புகிறது.

என் அம்மா பீடி சுற்றியவர். மடியில் முறம், முறத்தில் தூள், இலையைக் கத்திரித்துச் சுருட்டி நூல் கட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடுவார். வீடு முழுக்கப் புகையிலை வாசம், எங்கள் பாடப்புத்தகத்திலும் அதே வாசம். தெருவில் வாயில் புண் வந்து ஆறாமல் போன பெரியவர்கள் எத்தனையோ பேர். கடைசி நேரத்தில்தான் வேலூருக்குக் கூட்டிப் போவார்கள். இந்தியாவில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருப்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை, எங்கள் தெருவில் நான் பார்த்ததுதானே. உங்கள் மகளுக்குப் பாட்டி. எனக்கு முழுத் தெரு.

நான் இங்கே வந்தது 2001 மே மாதம். வீட்டுக்காரரைக் கூட்டி வந்த கம்பெனி, பெயர் எதற்கு, புராஜெக்ட் இல்லை என்று சொல்லி மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை. ஒரு படுக்கையறை வீட்டில் இரண்டு குடும்பம். எச்-4-இல் வந்தவர்களுக்கு அப்போது வேலை அனுமதியே கிடையாது, 2015-இல்தான் மனைவி, கணவன்மாரில் சிலருக்குக் கொடுத்தார்கள். வந்த அடுத்த மாதமே ஆலிசன் புயல். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்தவள், ஹூஸ்டனில் தெருவில் கார் மிதப்பதைப் பார்த்தேன். மெடிக்கல் சென்டரின் அடித்தளங்களில் தண்ணீர் புகுந்து, கரண்ட் போய், நோயாளிகளை மாடிப்படி வழியாகத் தூக்கி இறக்கினார்கள். ஆராய்ச்சிக்கு வைத்திருந்த எலிகள் ஆயிரக்கணக்கில் செத்தன, வருடக்கணக்கில் சேர்த்த மாதிரிகள் உருகிப் போயின. டிவியில் ஒரு பெரிய விஞ்ஞானி உறைபெட்டிக்கு முன்னால் நின்று பேச முடியாமல் திணறினார். சதைத் துண்டுக்காக ஒரு மனிதர் அழுவாரா என்று கேட்டார் கூடக் குடியிருந்த இன்னொரு குடும்பத்து அம்மா. லேப் டெக்னாலஜி படித்துவிட்டு வந்திருந்த எனக்கு அந்த அழுகை புரிந்தது. அந்த வருடமே ஒரு ஆஸ்பத்திரியில் வாலண்டியராகச் சேர்ந்தேன். வேலை அனுமதி வந்தபோது அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், சர்டிபிகேட் தேர்வு எழுதி உள்ளே போனேன். "டெக்னீஷியன்தானே" என்று இன்றைக்கும் சாப்ட்வேர் வீட்டு அம்மாக்கள் சிலர் சொல்வார்கள். அவர்கள் வீட்டு பயாப்சி வந்தால் முதல் போன் எனக்குத்தான்.

உங்கள் மகளிடம் எல்லாப்பிரகட சுப்பாராவ் கதையைச் சொல்லுங்கள். பீமாவரத்தில் பிறந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். 1920-களில் பாஸ்டனுக்கு வந்து, இங்கே டாக்டர் தொழில் செய்ய முடியாமல், ஆஸ்பத்திரியில் பெட்பான் கழுவிச் சம்பாதித்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். பின்னால் மருந்துக் கம்பெனி ஒன்றில் அவருடைய குழு செய்த அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் டாக்டர் சிட்னி ஃபார்பர், லுகீமியா என்கிற ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, முடிவை 1948-இல் வெளியிட்டார். தற்காலிகமாகத்தான், ஆனாலும் அந்த நோய் மருந்துக்குப் பின்வாங்கியது. அதே வகை மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் லுகீமியாவுக்குப் போகிறது. வீல்சேர் தள்ளுவதைக் கேவலமாக நினைக்கிற அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கதை.

கிளம்பும் முன் ஒன்பதாவது, பத்தாவது மார்க் ஷீட்டை ஸ்கூல் முத்திரையோடு வாங்கிவிடுங்கள், இங்கே ஹைஸ்கூல் ஒன்பதிலிருந்தே கணக்கு. ஒரு வகுப்பு கீழே போட்டாலும் சண்டைக்குப் போகாதீர்கள், வயசுக்கு அதுதான் சரியாக இருக்கும். தடுப்பூசி அட்டை இல்லாமல் பள்ளியில் உட்கார வைக்க மாட்டார்கள். டாக்டர் எச்.பி.வி. ஊசி போடவா என்று கேட்பார், போடச் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி அது. எத்தனை தவணை என்று டாக்டரே சொல்வார். ஊசி போட்ட கையோடு அந்த நர்ஸிடமே, வாலண்டியர் விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று உங்கள் பெண்ணையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காதீர்கள்.