வயர் இல்லாத கியர், அடங்காத சத்தம்: சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: சார், என் ரோடு பைக்ல கேபிள் கியரை கழட்டிட்டு ஸ்ராம் கம்பெனியோட ஏஎக்ஸ்எஸ் 12 ஸ்பீடு வயர்லெஸ் கியரை நானே மாட்டினேன். கனெக்ட் ஆயிடுச்சு, கியரும் மாறுது. ஆனா பின் சக்கரத்துல சின்ன பல்லு (சின்ன பல்சக்கரம்) பக்கம் கரகரன்னு சத்தம், அதை ட்யூன் பண்ணி சரி பண்ணினா பெரிய பல்லுக்கு ஏற மாட்டேங்குது. மோட்டார்ல ஏதாவது கோளாறா?

பதில்: மோட்டாரை சந்தேகப்படாதீங்க, முதல்ல ஹேங்கரை பாருங்க. ரியர் டீரெய்லரை, அதாவது செயினை நகர்த்தி கியர் மாத்துற பின் பாகத்தை, ஃப்ரேம்ல மாட்டுற அந்த சின்ன உலோகத் துண்டு லேசா வளைஞ்சிருந்தாலே நீங்க சொல்ற மாதிரிதான் ஆகும், ஒரு பக்கம் சரி பண்ணா இன்னொரு பக்கம் கெட்டுப்போகும். ஏன்னா நீங்க பண்ற அந்த ட்யூனிங், மைக்ரோ அட்ஜஸ்ட்ங்கிறது, எல்லா கியரையும் ஒரே அளவுக்கு சேர்த்து உள்ளயோ வெளியவோ நகர்த்துறதுதான், கோணலை அதால நிமிர்த்த முடியாது. 12 ஸ்பீடுல பல்லுகளுக்கு நடுவுல இடைவெளி வேற கம்மி, அதனால சின்ன கோணலும் உடனே தெரியும். கண்ணால பார்த்து நேரா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, ஹேங்கர் அலைன்மென்ட் கேஜ் வெச்சிருக்கிற மெக்கானிக்கிட்ட குடுத்து அளக்கச் சொல்லுங்க.

அது நேரானதும் ட்யூனிங் சுலபம். பைக்கை ஸ்டாண்டுல மாட்டிட்டு பெடலை சுத்திக்கிட்டே, ஷிஃப்டர்ல (ஹேண்டில்பார்ல இருக்கிற கியர் மாத்துற பாகம்) இருக்கிற சின்ன பட்டனை அமுக்கிப் பிடிச்சபடி பேடிலை, அதாவது கியர் மாத்துற லீவரை, தட்டுங்க, இடது பேடில் தட்டினா டீரெய்லர் உள்ள போகும், வலது தட்டினா வெளிய வரும். செயின் அடுத்த பெரிய பல்லுல ஏறத் துடிக்கிற மாதிரி உரசினா வெளிய கொண்டு வாங்க, ஏறுறதுக்கே தயங்கினா உள்ள தள்ளுங்க. ஒவ்வொரு தட்டா தட்டி எல்லா கியரும் போட்டுப் பாருங்க, அவசரமே வேண்டாம்.

டீரெய்லர் ரெண்டு பக்கமும் எல்லை தாண்டாம தடுக்கிற லிமிட் ஸ்க்ரூவை கடைசியாத்தான் தொடணும், ட்யூனிங் முடிஞ்சப்புறம் அது டீரெய்லரை லேசா தொடுற வரைக்கும் திருகி கொஞ்சம் பின்னாடி விட்டுடுங்க. இறுக்கி வெச்சா மோட்டார் ஒவ்வொரு தடவையும் அதுல போய் முட்டும்.

கேள்வி: வயர்லெஸ் குரூப்செட் (கியர், பிரேக் எல்லாம் சேர்ந்த செட்) வாங்குற முன்னாடி வேற என்ன பார்க்கணும்?

பதில்: பின் சக்கரத்தோட ஃப்ரீஹப்பை, அதாவது கேசட்டுங்கிற பல்சக்கர அடுக்கு உட்கார்ற பாகத்தை, பாருங்க, நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. மிகச் சின்ன சக்கரத்துல 10 பல்லு இருக்கிற ஸ்ராம் ரோடு கேசட்டுக்கு எக்ஸ்டிஆர் (XDR) ஃப்ரீஹப் பாடி வேணும், சாதாரண ஷிமானோ மாடல் ஃப்ரீஹப்ல அது உட்காராது. செயினும் அவங்களோட ஃப்ளாட்டாப் செயின்தான் போடணும். வயர்லெஸ்னு சொன்னாலும் அது கியருக்கு மட்டும்தான், பிரேக்குக்கு ஹோஸ் (பிரேக் ஆயில் போற குழாய்) அப்படியேதான் ஓடும், அதனால ஃப்ரேமுக்குள்ள ஹோஸ் நுழைக்கிற வேலை மிச்சம்னு நெனைக்காதீங்க. ஷிமானோவோட 12 ஸ்பீடு ரோடு டிஐ2 (Di2) எலக்ட்ரானிக் கியர்ல ஷிஃப்டர் மட்டும்தான் வயர்லெஸ், முன் பின் டீரெய்லர் ரெண்டுக்கும் ஃப்ரேமுக்குள்ள இருக்கிற பேட்டரியில இருந்து வயர் வரும்.

கேள்வி: நடு ரோட்ல பேட்டரி தீர்ந்துட்டா?

பதில்: ஸ்ராம்ல முன் டீரெய்லர் பேட்டரியும் பின் டீரெய்லர் பேட்டரியும் ஒரே மாதிரிதான், முன்னாடி இருக்கிறதை கழட்டி பின்னாடி போட்டுட்டு வீடு வந்து சேருங்க, பின் கியர்தான் முக்கியம். டீரெய்லர்ல இருக்கிற எல்இடி பச்சையா எரிஞ்சா கவலையில்லை, சிவப்பு வந்தா அன்னைக்கே சார்ஜ் போட்டுடுங்க, சிவப்பு மினுக்க ஆரம்பிச்சுட்டா அந்த பேட்டரியோட தூரமா கிளம்பாதீங்க. ஷிஃப்டருக்குள்ள இருக்கிற சிஆர்2032 காயின் செல்லை பலபேர் மறந்தே போயிடுறாங்க, ஒரு ஜோடி எப்பவும் பையில இருக்கட்டும். காருல பைக்கை ஏத்திட்டுப் போனா ரெண்டு டீரெய்லர் பேட்டரியையும் கழட்டிடுங்க, டீரெய்லர்ல அசைவை உணர்ற சென்சார் இருக்கு, வண்டி குலுங்குற வரைக்கும் அது தூங்காம சார்ஜை தின்னுக்கிட்டே இருக்கும்.