600 பாலங்களில் ஒன்று (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஒரு சிறுகதைப் போட்டியைப் பற்றி அண்மையில் எழுதியபோது, “பாலம் என்ற குறியீட்டுக்குச் சில காலம் ஓய்வு கொடுங்கள்” என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அதிலிருந்து எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரே சண்டை. அப்போதுதான் இவோ ஆண்ட்ரிச்சின் டிரினா நதிப் பாலம் நாவலை ஆங்கிலத்தில் படித்து முடித்திருந்தோம். ஒரு பாலத்தை வைத்துப் பல நூற்றாண்டுக் கதையைச் சொன்னவருக்கு நோபெல் பரிசு கொடுக்கிறார்கள், இங்கே ஒரு மாணவி தன் கதையில் பாலம் வைத்தால் மட்டும் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். ஆனால் காரணம் சொல்ல வரவில்லை.

அப்புறம் நூலகத்தில் சிங்கப்பூர் ஆற்றுப் பாலங்களைப் பற்றிய வரலாற்று நூல்களை எடுத்துப் புரட்டினேன். எந்த ஆண்டு திறந்தார்கள், எந்த ஆளுநரின் பெயரை வைத்தார்கள், இரும்பு எங்கிருந்து வந்தது என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. நாவல் எழுதுகிறவருக்கு இதில் என்ன கிடைக்கும்? டிரினா மாதிரி ஒரு பாலம் நம் ஊரில் இல்லை என்பதுதான் உண்மையோ?

அடுத்த கூட்டத்துக்கு எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

செ.
உட்லண்ட்ஸ்

*

அன்புள்ள செ.,

ஓய்வு கொடுங்கள் என்று இப்போதும் சொல்வேன். அந்தப் போட்டிக்கு வந்த கதைகளில் பாலம் எட்டிப் பார்த்தது பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான். தாத்தாவும் பேரனும், மாமியாரும் சீன மருமகளும் என்று யாராவது இருவர் சமாதானமாக வேண்டும். உடனே ஒரு பாலம் வந்து நிற்கும். அதற்குத் தூண் கிடையாது, கீழே தண்ணீர் கிடையாது, கட்டியவர் என்று ஒருவரும் கிடையாது. கல்யாண மண்டபத்து வாழைமரம் மாதிரி, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

ஆண்ட்ரிச்சிடம் கணக்கே வேறு. அவர் எழுதியது போஸ்னியாவின் விசெகிராட் ஊரில், டிரினா ஆற்றின் மேல், 16ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் எழுந்த நிஜப் பாலம். பதினொரு வளைவுகள். கட்டச் சொன்ன உதுமானிய அமைச்சர் மெஹ்மத் பாஷா, அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறுவனாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். நாவலில் அந்த ஆறு, துறை, பரிசல் எல்லாம் அவர் நெஞ்சில் ஒரு வலியாகவே தங்கிவிடுகிறது. பாலம் எழும்போது ஊர்க்காரர்களைக் கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள். இரவில் வந்து கட்டியதைக் கலைத்த குடியானவனைக் கழுவேற்றுகிறார்கள். அந்த அத்தியாயத்தைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். இவ்வளவும் ஆன பிறகுதான் பாலத்தின் நடுவே, அகன்ற திண்ணை போன்ற இடத்தில், ஆட்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கத் தொடங்குகிறார்கள். இரு மதங்களை இணைக்கிறது என்று ஆண்ட்ரிச் அந்தப் பாலத்துக்கு மாலை போடவில்லை. யார் அங்கே உட்கார்ந்தார்கள், யாருடைய தலையை அங்கே வெட்டிவைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். நாவல் 1945இல் வந்தது. 1992இல், போஸ்னியப் போரில், அதே பாலத்தில் வைத்து மனிதர்களைக் கொன்று டிரினாவில் தள்ளினார்கள். அந்த நாவலைப் படித்திருந்தவர்களுக்கு, இப்படி நடக்குமா என்ற அதிர்ச்சி வந்திருக்காது.

அல்பேனியரான இஸ்மாயில் கதாரே இன்னும் சாமர்த்தியக்காரர். அவருடைய மூன்று வளைவுப் பாலம் நாவலில் பாலம் வந்தால் பிழைப்புப் போய்விடும் ஒரு படகுக் கம்பெனி இருக்கிறது. பாலம் கட்டும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கட்டியது நிற்க வேண்டுமென்றால் ஓர் உயிரை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும் என்று பால்கன் நாடுகளில் பழைய கதைப்பாட்டு உண்டு. நம் ஊரிலும் பாலத்துக்கும் ஏரிக்கரைக்கும் நரபலி கேட்ட கதையைப் பாட்டிகள் சொல்வார்கள் அல்லவா, அதே வகை. கதாரேயின் கதையில் அந்தப் பாட்டே ஒரு கொலையை மூடி மறைக்கப் பயன்படுகிறது. குறியீட்டை யார், எந்த லாபத்துக்காக உண்டாக்குகிறார்கள் என்று கேட்கிற நாவல் அது. உங்கள் வட்டத்து நண்பருக்கு என் பதில் அதில் இருக்கிறது. தார்ன்டன் வைல்டர் 1927இல் எழுதிய நாவலில் பெரு நாட்டுப் பாலம் முதல் பக்கத்திலேயே அறுந்து ஐந்து பேர் சாகிறார்கள். அதன் பிறகு நாவலுக்கு அந்தப் பாலம் தேவைப்படுவதில்லை. நல்ல நாவல்தான், ஆனால் நாம் பேசும் விஷயத்துக்கு அவ்வளவாக உதவாது.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று தோன்றினால் கம்பனிடம் போங்கள். யுத்த காண்டத்தில் சேது பந்தனப் படலம் என்று ஒரு படலமே இருக்கிறது. வானரங்கள் மலைகளைப் பெயர்த்துக்கொண்டு வர, நளன் வாங்கி வாங்கி அடுக்குகிறான். முழுக்க முழுக்க வேலைத்தளம், நளன்தான் மேஸ்திரி. மணலில் புரண்டு உதவிய அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் சேர்த்துவைத்தார். நம் இலக்கியத்தில் பாலம் என்றால் முதலில் கூலியாட்கள்தான் வந்தார்கள். சமாதானச் சின்னமாக அது மாறியது நேற்றைய பழக்கம்.

இனி உங்கள் வரலாற்று நூல்கள். அவற்றைக் குறை சொல்லாதீர்கள். போட்டிக்கு வந்த மொத்தக் கதைகளையும்விட அவற்றில் கதை அதிகம். கேவனா பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1869இல் திறந்தது, இரும்பு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தது, பெயர் சிங்கப்பூர் பிரிட்டிஷ் இந்திய ஆட்சியின் கீழிருந்தபோது இங்கிருந்த கடைசி ஆளுநருடையது. இந்த மூன்றையும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். அடுத்த வரியையும் பாருங்கள். பாலத்தைத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள். கடல் ஏறியிருக்கும்போது தொங்காங் என்ற சரக்குப் படகுகள் அடியில் நுழைய முடியாது. நீர் இறங்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். ஆற்றுப் பிழைப்புக்காரர்களுக்கு அந்தப் பாலம் கைகோர்ப்பல்ல, தலைக்கு மேல் ஒரு முட்டு. 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்த பிறகு கேவனா நடைபாலமானது. மூன்று ஹண்டிரட்வெயிட், அதாவது 150 கிலோ சொச்சத்துக்கு மேல் எடையுள்ள வண்டிக்கும், மாட்டுக்கும் குதிரைக்கும் அனுமதியில்லை என்ற அறிவிப்புப் பலகை இன்றும் அங்கே நிற்கிறது. சுற்றுலா வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே மாட்டுவண்டி ஓட்டியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள்.

அந்த இரும்பைக் கோத்து நிறுத்தியவர்கள் இந்தியக் கைதிகள். 1825 முதல் இங்கே நாடு கடத்தி அனுப்பப்பட்டவர்களின் வரிசையில் வந்தவர்கள். வங்காளத்தார், சென்னை மாகாணத்தார் எல்லோரும் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவையும் எழுப்பியவை அந்தக் கைகள்தான். பாலம் திறந்து நான்கே ஆண்டுகளில், 1873இல், அவர்களுடைய சிறையை மூடிவிட்டார்கள். பாலத்துக்கு ஆளுநரின் பெயர். கோத்தவர்களுக்குச் சிறைப் பதிவேட்டில் ஓர் எண். இதைவிடப் பெரிய தொடக்கம் ஒரு நாவலாசிரியருக்கு வேண்டுமா?

அந்த நூல்களில் நான் தேடியும் காணாத ஒன்று உண்டு. நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு இரண்டுக்கும் பெயர் தந்தது ஆற்றின் குறுக்கே, இன்று எல்ஜின் பாலம் இருக்கும் இடத்தில் இருந்த பழைய பாலம். இப்போதுள்ளது 1929இல் கட்டியது. அதன் விளக்குத் தூண்களில் சிங்கமும் பனையும் பதித்திருப்பார்கள். ஒவ்வோர் ஐப்பசியிலும் தீமிதிக்காகச் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் மஞ்சள் வேட்டியோடு நடந்து போகிறார்கள். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் ஆற்றைத் தாண்டாமல் போக முடியாது. சற்று மேலே ரீட் பாலத்தருகே மாலை வேளைகளில் தியோச்சூ சீனக் கூலிகள் கூடிக் கதை கேட்டதைப் புத்தகங்கள் எழுதி வைத்திருக்கின்றன, நல்லது. நம் ஆட்கள் விடிவதற்கு முன் பாலத்தைக் கடப்பதை நாம்தானே எழுத வேண்டும்?

டிரினா மாதிரி இங்கே இல்லையா என்று கேட்டீர்கள். எனக்கு நெடுநாளாக உறுத்துகிற பாலம் சிங்கப்பூரில் இல்லை, தாய்லாந்தில் இருக்கிறது. இங்கிருந்தும் மலாயாவிலிருந்தும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் கட்டிய பாதையில் அது ஒன்று. 1942, 43இல் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை சுமார் 415 கிலோமீட்டர். அதில் 600க்கும் மேற்பட்ட பாலங்கள். உலகத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிரெஞ்சுக்காரரான பியர் பூல் 1952இல் குவாய் ஆற்றுப் பாலம் என்ற நாவலை எழுதியதாலும், அது திரைப்படமாக வந்ததாலும் தெரிந்தது. கதை ஆங்கிலேயக் கைதிகளையும், எதிரிக்கு நல்ல பாலம் கட்டித் தருவதில் வறட்டுப் பெருமை கொள்ளும் அவர்களுடைய கர்னலையும் சுற்றியது. குறியீட்டளவில் அருமையான நாவல், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பூல் போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டத்தில் பால் வெட்டிய தமிழர்களை அன்றாடம் பார்த்திருப்பார். அந்தத் தோட்டங்களிலிருந்தேதான் சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டியும் வளைத்துப் பிடித்தும் ஆயிரமாயிரமாக அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை, செத்த போர்க்கைதிகளைப்போலப் பல மடங்கு. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இருக்கின்றன. நம்மவர்களைக் காட்டில் குழி வெட்டி மொத்தமாகத் தள்ளினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாவலில் சொல்லியிருக்கும் குவாய் ஆற்றின் மேல் அந்தப் பாலம் கட்டப்படவே இல்லை. அது நின்றது மே குளோங் ஆற்றின் மேல். படம் ஓடிப் புகழ் பரவி, சுற்றுலாக்காரர்கள் வந்து குவாய் பாலம் எங்கே என்று கேட்கத் தொடங்கியதும், 1960களில் தாய்லாந்து அரசு ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவாய் என்று பெயர் மாற்றிவிட்டது. ஒரு நாவலால் ஓர் ஆற்றின் பெயரை மாற்ற முடியும், செத்தவனின் பெயரைச் சேர்க்க முடியாது என்று எனக்கு ஆத்திரம் வருவதுண்டு. சரி, பூல் எழுதாததை எழுத மலேசியாவில் நமக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம். குறியீட்டுக்கு அவசரப்படாத புத்தகங்கள். தீவிர வாசகர்கள் சிலர் அவற்றைத் தட்டையானவை என்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பாலம்கூட அல்ல, நீரிணையில் கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. 1923இல் ரயில் ஓடியது, 1924இல் முறைப்படி திறந்தார்கள். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷார் அதில் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் தீவு விழுந்தது. இன்று விடியுமுன் மோட்டார்சைக்கிளில் ஜோகூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களில் எத்தனையோ தமிழர்கள்; தூக்கத்தின் பாதியை அந்த வரிசைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். விசெகிராட்டில் பாலத்தின் நடுவே உட்கார இடம் இருந்தது. இங்கே நிற்கத்தான் முடியும், அதுவும் புகைக்கு நடுவில். உங்கள் வட்டத்தில் யாராவது எழுத நினைத்தால் சோதனைச்சாவடி வரிசையிலிருந்து தொடங்கட்டும். இரு நாடுகளை இணைக்கிறது என்ற வாக்கியம் மட்டும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்குக் கதாரேயை எடுங்கள். சின்னப் புத்தகம், சண்டைக்கு நிறைய இடம் தரும். அதற்கடுத்து சயாம் மரண ரயில். அன்றைக்கு ரயில்பாதையின் வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து வையுங்கள். உறுப்பினர்களில் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டு நாவலையும் ஒரே கூட்டத்தில் வைக்க வேண்டாம், நேரம் போதாது.

அன்புடன்