முதலில் பெயரை எழுதி முடியுங்கள்

ஆங்கிலம் அறிவோம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் டீச்சர். சொந்தமாகத் தையல் கடை வைக்கப் போகிறேன். போர்டு எழுதுபவர் 'லேடீஸ் டெய்லர்' என்பதில் ஈ எழுத்துக்கும் எஸ் எழுத்துக்கும் நடுவில், மேலே ஒரு கமா போட்டு மாதிரி காட்டினார். பிளஸ் டூ படிக்கும் என் மகள் அது தப்பு என்கிறாள். சரியான இடம் எது என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. பெயின்ட் அடிப்பதற்குள் பதில் வேண்டும்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி அம்மா. அந்தக் குறிக்கு அப்பாஸ்ட்ரஃபி என்று பெயர். முப்பத்திரண்டு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்தேன். பிள்ளைகள் அதிகம் தடுமாறிய இடம் இது. 'எஸ் வந்தால் அதற்கு முன்னால் ஒன்று போடு' என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் பிறகு போவதில்லை.

தமிழில் யோசித்துப் பாருங்கள். 'பெண்களுடைய' என்று எப்படிச் சொல்கிறோம்? பெண்கள் என்ற சொல்லை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் 'உடைய' வருகிறது. 'பெண்க' வரை சொல்லிவிட்டு நடுவில் 'உடைய'வைச் செருகி, ஒற்றை 'ள்'ளைக் கடைசியில் ஒட்ட வைப்போமா? உங்கள் போர்டுக்காரர் காட்டிய மாதிரி அப்படித்தான் இருக்கிறது. எல், ஏ, டி, ஐ, ஈ என்பதோடு நிற்கும் ஒரு சொல் ஆங்கிலத்திலேயே கிடையாது. எஸ்ஸையும் சேர்த்தால்தான் அது 'லேடீஸ்'. ஆகவே ஆறு எழுத்தையும் எழுதி முடித்து, எஸ்ஸின் வலது தோளுக்கு மேலே குறியை வைக்கச் சொல்லுங்கள். அதன்பின் இன்னொரு எஸ் வேண்டாம். 'லேடீஸஸ்' என்று யாரும் உச்சரிப்பதில்லையே. கடைப் பலகைகளில் குறியே இல்லாமலும் எழுதுகிறார்கள், அதுவும் பரவாயில்லை. சொல்லை நடுவில் உடைப்பதுதான் கூடாது.

பக்கத்திலேயே ஆண்களுக்கும் தைக்கப் போகிறீர்கள் என்றால் இதையும் கவனியுங்கள். எம், ஈ, என் என்ற மூன்று எழுத்தும் சேர்ந்தாலே 'ஆண்கள்' என்று பன்மை வந்துவிட்டது. அங்கே சொல் 'என்' எழுத்தில் முடிகிறது. எனவே என், பிறகு குறி, பிறகு எஸ். 'சில்ட்ரன்' என்ற சொல்லுக்கும் இதே கணக்குத்தான். நவம்பர் 14 விழா பேனரில் 'குழந்தைகள் தினம்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது எஸ்ஸுக்குப் பிறகு குறி போட்டிருப்பதை எத்தனையோ பள்ளி வாசலில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கேட்காமல் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

குறி நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருளே மாறும். செப்டம்பர் 5 ஆசிரியர்கள் எல்லாருக்கும் உரிய நாள், அதனால் 'டீச்சர்ஸ்' என்று எழுதி, எஸ்ஸுக்குப் பின் குறி. அன்னையர் தினத்தில் அது எஸ்ஸுக்கு முன்னால் நிற்கும். அமெரிக்காவில் அந்த நாளுக்காகப் பாடுபட்ட ஆனா ஜார்விஸ், ஒவ்வொரு வீடும் தன் தாயைக் கொண்டாட வேண்டும் என்று ஒருமையில்தான் எழுதச் சொன்னார். 1914-ல் ஜனாதிபதி வில்சன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். தமிழில் நாம் 'அன்னையர்' என்று பன்மையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் நினைப்பது ஒரே ஒரு அம்மாவை.

கேள்வி: 'இட்ஸ்' என்ற சொல்லில் குறி போட்டால் மார்க் குறைக்கிறார்கள். 'அதனுடைய' என்பதும் உடைமைதானே? அங்கே மட்டும் ஏன் கூடாது?
– ஒரு கல்லூரி மாணவர், கோவில்பட்டி

பதில்: நியாயமான கேள்வி தம்பி. 17-ஆம் நூற்றாண்டில் அச்சான ஆங்கிலப் புத்தகங்களில் 'அதனுடைய' என்ற பொருளுக்கே குறியோடு எழுதியிருக்கிறார்கள். பிறகுதான் வழக்கம் மாறியது.

இந்தக் குறி 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'இங்கே ஓர் எழுத்து விழுந்திருக்கிறது' என்று காட்டுவதுதான் அதன் முதல் வேலை. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு ஈ, எஸ் என்ற இரண்டு எழுத்துகள் உடைமை விகுதியாக இருந்தன. நாளடைவில் அந்த ஈயின் ஒலி தேய்ந்தது. அது இருந்த இடத்தில் இந்தக் குறி வந்து உட்கார்ந்தது. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ் எல்லாம் பிரதிப்பெயர்கள். உடைமைப் பொருள் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது, தனியாகக் குறி தேவையில்லை. 'இட்ஸ்' அந்த வரிசையில் சேர்ந்தது. குறியோடு வரும் 'இட்ஸ்' வேறு சொல். அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம்.

பரீட்சை அறையில் சந்தேகம் வந்தால் விரித்துப் படியுங்கள். 'நாய் வாலை ஆட்டியது' என்ற வாக்கியத்தில் 'இட்ஸ் டெய்ல்' வரும். அதை 'இட் இஸ் டெய்ல்' என்று விரித்தால் வாக்கியம் உடைந்துபோகும். அப்படி உடைந்தால் குறி வேண்டாம். என் மாணவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். கண்ணுக்குத் தப்பியதைக் காது பிடித்துவிடும்.

கேள்வி: என் பெயர் 'தாஸ்' என்று முடிகிறது. ஸ்டுடியோவுக்கு என் பெயரையே வைக்கிறேன். குறிக்குப் பிறகு இன்னொரு எஸ் வேண்டுமா?
– ஒரு புகைப்படக்காரர், தூத்துக்குடி

பதில்: இரண்டு விதமும் வழக்கில் உண்டு. நான் எஸ் சேர்ப்பேன், ஏனென்றால் வாயில் 'தாஸஸ்' என்றுதான் வருகிறது. லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பெயரிலுள்ள பூங்காவின் ரயில் நிலையப் பலகையிலும் எஸ், குறி, இன்னொரு எஸ் என்றே இருக்கும். அதே ஊரில் பிக்காடிலி பாதையில் அடுத்தடுத்த நிலையங்கள் ஏர்ல்ஸ் கோர்ட், பேரன்ஸ் கோர்ட். முன்னதற்குக் குறி உண்டு, பின்னதற்கு இல்லை. பெயர்ப் பலகை உங்களுடையது, முடிவும் உங்களுடையது. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, ஆல்பத்தின் அட்டை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.